முதலில் கேஷுவாலிட்டி, பிறகு காவல் நிலையம்: பாலியல் வன்முறைக்கு ஆளான திருநர்களுக்கான சிகிச்சை

பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருவர் மருத்துவமனைக்குள் வரும்போதே சில கெடுக்கள் ஓடத் தொடங்கியிருக்கும். ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நல்லது, 72 மணி நேரம் கடந்துவிட்டால் தொடங்கிப் பயனில்லை. அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 72 மணி நேரம் உகந்தது, ஐந்து நாள் வரை கொடுக்கலாம். பிறப்புறுப்பிலிருந்து தடயம் எடுப்பதற்கு 96 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு. குளித்தாலும் துணி மாற்றினாலும் அந்த வாய்ப்பு இன்னும் குறையும்.

வந்தவர் திருநங்கையாகவோ திருநம்பியாகவோ (பிறப்பில் பெண்ணெனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்) இருந்தால் இந்த நேரத்தின் பெரும்பகுதி வேறு எதிலோ கழிகிறது. ஓ.பி. சீட்டில் ஆண் என்று போடுவதா, பெண் என்று போடுவதா? ஆதாரில் ஒரு பெயர், சொல்லும் பெயர் வேறு, எதை எழுதுவது? ஆண் வார்டா, பெண் வார்டா? மகப்பேறு மருத்துவரைக் கூப்பிடுவதா, அறுவைச் சிகிச்சை மருத்துவரைக் கூப்பிடுவதா? இதற்கெல்லாம் பதில் தேடிக்கொண்டிருக்கும்போது காயத்தோடு வந்தவர் வராந்தாவில் நிற்கிறார். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். பலர் அங்கிருந்தே திரும்பிப் போய்விடுகிறார்கள், பலர் வருவதே இல்லை.

இந்தப் பிரச்சினையைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் சட்டத்தில் உள்ள ஓட்டையைப் பற்றித்தான் பேசுகிறோம். அந்த ஓட்டை உண்மையானது, பெரியது. ஆனால் அதை அடைக்க நாடாளுமன்றம் வேண்டும். சிகிச்சையைச் சரிசெய்ய அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கான வழிகாட்டுதல் 2014 முதலே கையில் இருக்கிறது.

சட்டம் எங்கே கைவிடுகிறது

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவு, பாலியல் வல்லுறவை ஓர் ஆண் ஒரு பெண்ணுக்கு இழைக்கும் குற்றமாகவே வரையறுக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இப்படித்தான் இருந்தது. ஆனால் அதில் 377-வது பிரிவும் இருந்தது. 2018-ல் நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில், வயதுவந்தவர்கள் மனமொப்பி வைத்துக்கொள்ளும் உறவை அந்தப் பிரிவின் பிடியிலிருந்து உச்ச நீதிமன்றம் விடுவித்தது. சம்மதமில்லாமல் நடப்பதைக் குற்றமாக்கிய பகுதி மட்டும் அப்படியே இருந்தது. ஒரு திருநங்கை மீது வல்லுறவு நடந்தால் போலீசார் போடக்கூடிய கடுமையான பிரிவு அதுதான், ஆயுள் தண்டனை வரை போகலாம். புதிய சட்டத்தில் அந்தப் பிரிவு முழுவதும் காணாமல் போனது. உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அதைச் சேர்க்கும்படி 2023-ல் பரிந்துரைத்தும் சேர்க்கவில்லை. 2024 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் இதில் முடிவெடுக்கும்படி மத்திய அரசிடம் சொன்னது. அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனுவை, இது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லி நீதிபதிகள் ஏற்கவில்லை.

அப்புறம் இருப்பது 2019-ல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம். அதன் 18-வது பிரிவு உடல்ரீதியான, பாலியல்ரீதியான, வாய்மொழியான, பொருளாதாரரீதியான துன்புறுத்தல்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி, ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை என்று வைத்தது. பெண் ஒருவருக்கு நேர்ந்தால் குறைந்தது 10 ஆண்டு தண்டனை கிடைக்கும் அதே செயலுக்கு, திருநங்கை என்றால் அதிகபட்சமே இரண்டு ஆண்டு. நாடு முழுவதிலுமிருந்து திருநர் அமைப்புகள் அப்போதே இதை எதிர்த்தன. அந்த எதிர்ப்பின் நியாயத்தை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

18 வயதுக்குட்பட்டவர்கள் விஷயத்தில் மட்டும் நிலைமை வேறு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் குழந்தையின் பாலினத்தைப் பார்ப்பதில்லை. வீட்டிலோ பள்ளியிலோ வன்முறைக்கு ஆளாகும் 15 வயது திருநங்கைக்கு முழுப் பாதுகாப்பும் அதில் உண்டு. இது மருத்துவர்களில் பலருக்குத் தெரியும், பெற்றோருக்குத்தான் தெரியவில்லை.

அதிகம் பேசப்படாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவானாலும் உடனே இலவச சிகிச்சை தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357சி, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 397. மறுத்தால் மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. ஆனால் இந்தக் கடமை, வல்லுறவுப் பிரிவுகளையும் அமிலவீச்சுப் பிரிவையும் போக்சோவையும் பெயர் சொல்லித் தொங்கிக்கொண்டிருக்கிறது. வல்லுறவுப் பிரிவுக்குள் வராத வயதுவந்த திருநங்கை, இலவச சிகிச்சைப் பிரிவுக்குள்ளும் நேரடியாக வருவதில்லை. தண்டனைச் சட்டத்தில் இருக்கும் ஓட்டை அப்படியே சிகிச்சைச் சட்டத்துக்கும் வந்துவிட்டது.

இதைக் காட்டி யாராவது சிகிச்சையை மறுத்தால் அது தவறு. அவசர நிலையில் வரும் எவரையும் காப்பாற்றுவது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. பாலியல் தொழிலாளர்கள் குறித்த வழக்கில் 2022 மே மாதம் அதே நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு இன்னும் தெளிவானது: பாலியல் வன்முறைக்கு ஆளாகும் எந்தப் பாலியல் தொழிலாளிக்கும் 357சி-யின்படியும் 2014 வழிகாட்டுதலின்படியும் உடனடி மருத்துவ உதவி தர வேண்டும். அந்தத் தொழிலில் இருக்கும் திருநங்கைகள் ஏராளம். இந்த உத்தரவின் தமிழ்ப் பிரதி ஒவ்வொரு கேஷுவாலிட்டியின் (அவசர சிகிச்சைப் பிரிவின்) சுவரிலும் ஒட்டப்பட வேண்டும்.

2014-ல் எழுதியது

அந்த 2014 வழிகாட்டுதல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்டது. டெல்லி நிர்பயா சம்பவத்துக்குப் பிறகு எழுதப்பட்டது. அதில் நல்ல விஷயங்கள் நிறைய. போலீசில் புகார் கொடுத்தால்தான் சிகிச்சை என்று சொல்லக் கூடாது. பரிசோதனைக்கு, தடயம் எடுக்க, போலீசுக்குத் தகவல் சொல்ல என்று தனித்தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். ஒன்றுக்குச் சம்மதித்து இன்னொன்றை மறுக்கலாம், மறுத்தாலும் சிகிச்சை நிற்கக் கூடாது. இரு விரல் பரிசோதனை கூடவே கூடாது. திருநர்களையும் இடைப்பாலினத்தவரையும் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார்கள்: பரிசோதிப்பவர் ஆண் மருத்துவராக இருக்க வேண்டுமா, பெண் மருத்துவராக இருக்க வேண்டுமா என்பதைப் பாதிக்கப்பட்டவரே முடிவு செய்யலாம்.

சரி, நடைமுறையில்? நம்மூர் அரசு மருத்துவமனைகளில் (ஜி.எச்.) ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் பதிவு என்றாலே போலீஸ் என்று எல்லோருக்கும் தெரியும். அவுட்போஸ்ட் காவலர் கேஷுவாலிட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். போலீஸ் வேண்டாம் என்பதாலேயே ஒரு திருநங்கை மருத்துவமனைக்கே வராமல் இருந்தால், அவர் மிகையாகப் பயப்படுகிறார் என்று சொல்ல முடியாது. 2006-ல் சென்னை வியாசர்பாடியில், திருட்டு வழக்கு விசாரணைக்கு என்று திரும்பத் திரும்ப அழைக்கப்பட்டு, காவல் நிலையத்தில் பாலியல் சித்திரவதைக்கு ஆளானதாகச் சொன்ன திருநர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். அவருடைய சகோதரி தொடர்ந்த வழக்கில், 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பெங்களூரில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2003-ல் வெளியிட்ட அறிக்கையிலும் ரவுடிகளின் வன்முறையும் போலீசாரின் வன்முறையும் அடுத்தடுத்து வருகின்றன. இந்தக் கதைகள் திருநங்கைகள் குடும்பமாகக் கூடி வாழும் ஜமாத்துகளில் குருவிடமிருந்து சேலாவுக்கு (சீடருக்கு) போய்ச் சேர்ந்திருக்கின்றன. 2021-ல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவுகளுக்குப் பிறகு, பாலின, பாலியல் சிறுபான்மையினரைப் போலீசார் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளிலேயே 2022-ல் சேர்த்தார்கள். நல்ல மாற்றம். ஆனால் ஒரு தலைமுறையின் அச்சம் ஒரு விதித் திருத்தத்தோடு போய்விடாது.

அதனால்தான் மருத்துவமனையில் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று இருக்கிறது: "நீங்க போலீசில் வாக்குமூலம் கொடுக்கணும்னு கட்டாயம் இல்லை, வைத்தியம் இப்பவே ஆரம்பிக்கிறோம்." வழிகாட்டுதலின்படி, மருத்துவமனை தகவல் தெரிவித்தாலும் பாதிக்கப்பட்டவர் புகார் தர விரும்பவில்லை என்பதை அவருடைய கையெழுத்தோடு பதிவு செய்துகொள்ளலாம். எடுத்த தடயங்களைப் பத்திரமாக வைத்தால் பிறகு மனம் மாறினாலும் வழி இருக்கும்.

உடலை அறிந்த மருத்துவம்

பரிவு மட்டும் போதாது. திருநர்களின் உடலைப் பற்றிய மருத்துவ அறிவும் வேண்டும். எம்.பி.பி.எஸ். பாடத்தில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒரு திருநங்கை எந்த அறுவை சிகிச்சையும் செய்யாதவராக இருக்கலாம். பல ஆண்டுகளுக்கு முன்பு, மரபு முறையில் உறுப்பை நீக்கும் தாயம்மாவிடம் நிர்வாணம் (உறுப்பு நீக்கம்) செய்துகொண்டவராக இருக்கலாம். மருத்துவமனையில் உறுப்பை நீக்கியதோடு நிறுத்தியவராக இருக்கலாம். தோலையோ குடலின் ஒரு பகுதியையோ கொண்டு பெண்ணுறுப்பு அமைத்துக்கொண்டவராகவும் இருக்கலாம். நான்கு பேருக்கும் பரிசோதனை ஒன்றல்ல. தோலால் அமைத்த பாதையில் இயல்பான ஈரம் இருக்காது, வன்முறையில் எளிதில் கிழியும், ரத்தப்போக்கு அதிகமாகலாம். அங்கே கருப்பை வாய் கிடையாது. பிரசவ வார்டில் இருக்கும் ஸ்பெகுலத்தை (உறுப்பை விரித்துப் பார்க்கும் கருவியை) பழக்க தோஷத்தில் எடுத்து உள்ளே விட்டால் இன்னொரு காயம்தான் மிஞ்சும். ஆசனவாய்ப் பரிசோதனைக்குப் பயன்படும் சிறிய கருவி பல நேரம் பொருத்தமாக இருக்கும். நிர்வாணம் செய்துகொண்டவர்களுக்கு சிறுநீர்ப் பாதை சுருங்கியிருப்பது சாதாரணம். வன்முறைக்குப் பிறகு சிறுநீர் போகவில்லை என்றால் உடனே கவனிக்க வேண்டும். பழைய அறுவைத் தழும்பைப் புதுக் காயம் என்றோ, புதுக் காயத்தைப் பழைய தழும்பு என்றோ சான்றிதழில் எழுதிவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்தது. தடயத்துக்கான பஞ்சு மாதிரியை (ஸ்வாப்) எங்கெங்கே எடுக்க வேண்டும் என்பதை, என்ன நடந்தது என்று பாதிக்கப்பட்டவர் சொல்வதிலிருந்துதான் முடிவு செய்ய வேண்டும். அவரைப் பார்த்து நாமாக ஊகிக்கக் கூடாது.

திருநம்பிகளின் நிலைமையை இன்னும் குறைவாகவே பேசுகிறோம். டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவர்களுக்குப் பெண்ணுறுப்பின் உட்சுவர் மெலிந்து வறண்டிருக்கும். காயமும் வலியும் அதிகமாக இருக்கும், உட்பரிசோதனையே தாங்க முடியாததாக இருக்கும். மாதவிடாய் நின்றிருக்கலாம். ஆனால் கருத்தரிக்கும் வாய்ப்பு நின்றுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து கிடையாது. தாடி வைத்த ஒருவரைப் பார்த்ததும் கர்ப்பப் பரிசோதனையோ அவசரக் கருத்தடை மாத்திரையோ மருத்துவரின் மனதில் வருவதே இல்லை. அதன் விளைவு சில வாரம் கழித்துத் தெரியும். அப்போது கருக்கலைப்புக்கு எங்கே போவது? சட்டம் பெண் என்றுதானே பேசுகிறது? 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. கருக்கலைப்புத் தேவைப்படும் மற்ற பாலினத்தவரும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம் என்று நீதிபதி சந்திரசூட் அமர்வு தன் தீர்ப்பிலேயே எழுதியது. வன்முறையால் உண்டான கர்ப்பத்தை 24 வாரம் வரை கலைக்கச் சட்டம் இடம் தருகிறது.

திருநம்பிகளுக்கு ஜமாத் கிடையாது. திருநங்கை ஒருவருக்கு ஏதாவது நேர்ந்தால் நான்கு பேர் ஆட்டோ பிடித்து ஜி.எச்.சுக்கு வருவார்கள், சத்தம் போடுவார்கள், இரவு முழுவதும் வாசலில் உட்காருவார்கள். திருநம்பி பெரும்பாலும் குடும்பத்துக்குள்தான் இருக்கிறார். வன்முறையும் பல நேரம் அங்கேதான் நடக்கிறது, "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்ற பேச்சில் தொடங்கி. அவரை மருத்துவமனைக்குக் கூட்டி வருகிறவரே குற்றத்துக்கு உடந்தையாக இருக்கலாம். அதனால் கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகப் பேசுவது இங்கே உயிர்காக்கும் நடைமுறை. வயதுவந்தவர் என்றால் அவருடைய சம்மதம் ஒன்றே போதும். அப்பாவின் கையெழுத்து தேவையில்லை. ஜமாத்தோடு வருபவருக்கு, தன் பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை இருக்கிறது. ரத்த உறவு இல்லை என்று சொல்லிக் குருவை வெளியே நிறுத்தக் கூடாது.

ஹார்மோன் எடுப்பவர்களிடம் ஒரு பயம் உண்டு: ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை ஹார்மோனைக் கெடுத்துவிடும் என்று. இப்போது அரசு தரும் டொலுடெக்ராவிர் அடங்கிய கூட்டு மாத்திரையால் அப்படிப் பெரிய பாதிப்பு இல்லை. ஹார்மோனையும் நிறுத்த வேண்டாம், மாத்திரையையும் நிறுத்த வேண்டாம், 28 நாளும் போட வேண்டும். இந்த ஒரு நிமிட விளக்கத்தைச் சொல்லாமல் விட்டால், வீட்டுக்குப் போனதும் மாத்திரை குப்பைத் தொட்டிக்குப் போய்விடும்.

யார் சொல்லித் தருவது

2019 சட்டத்தின் 15-வது பிரிவே மருத்துவப் பாடத்திட்டத்தைத் திருத்தச் சொல்கிறது. நடந்தது என்ன? சென்னை உயர் நீதிமன்றத்தின் அழுத்தத்தால் தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் தடயவியல் மருத்துவப் பாடத்தைத் திருத்தியது, பாலியல் நாட்டத்தையும் பாலின அடையாளத்தையும் மாற்றுவதாகச் சொல்லி 'மாற்றுச் சிகிச்சை' என்ற பெயரில் நடக்கும் கொடுமையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. 2024 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய பாடத்திட்டத்தில் பழைய பாடம் திரும்ப வந்திருந்தது. ஓரினச் சேர்க்கையை இயற்கைக்கு மாறான குற்றங்களின் பட்டியலில் மறுபடியும் வைத்திருந்தார்கள். கன்னித்தன்மை பற்றிய பகுதியும் திரும்பியிருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் செப்டம்பர் முதல் வாரம் திரும்பப் பெற்றார்கள். ஒரு நீதிபதி பாடுபட்டுத் திருத்த வைத்த பாடம் ஒரே சுற்றறிக்கையில் பின்னால் போக முடிந்தது என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. நாளைய கேஷுவாலிட்டி மருத்துவர் படிக்கும் புத்தகம் அது.

தமிழ்நாட்டுக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. 2008-லேயே திருநர் நல வாரியம் அமைத்த மாநிலம் இது. அரசு மருத்துவமனைகளிலேயே பாலின அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. சென்னை ராஜீவ் காந்தி மருத்துவமனையிலும் மதுரை இராசாசி மருத்துவமனையிலும் திருநர்களுக்கென்றே சிகிச்சைப் பிரிவுகள் இயங்கியிருக்கின்றன. திருநர் உடலைத் தெரிந்த மருத்துவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள் என்று இதற்கு அர்த்தம். ஆனால் அவர்கள் பகலில், குறிப்பிட்ட கிழமையில் இருப்பார்கள். வன்முறை பல நேரம் நடப்பது இரவில். நள்ளிரவுக்கு மேல் கேஷுவாலிட்டியில் இருக்கும் பயிற்சி மருத்துவர் (ஹவுஸ் சர்ஜன்) தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் எண் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஹெச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையமும் மாலையில் மூடிவிடும். முதல் சில நாட்களுக்கான மாத்திரை கேஷுவாலிட்டி அலமாரியிலேயே இருக்க வேண்டும்.

மும்பையில் இதற்கு நெருக்கமான முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது. பாந்த்ராவில் உள்ள பாபா மாநகராட்சி மருத்துவமனையில் 2000-ல் தொடங்கிய திலாசா மையம், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஆலோசகரை மருத்துவமனைக்குள்ளேயே உட்கார வைத்தது. அதன் பின்னால் இருக்கும் செஹாட் என்ற சுகாதார ஆய்வு அமைப்பு 2008-லிருந்து மும்பை மாநகராட்சி மருத்துவமனைகளில் பாலியல் வன்முறைக்கான முழுச் சிகிச்சை முறையையும் கொண்டுவந்தது. 2014 தேசிய வழிகாட்டுதலுக்குப் பின்னால் இந்த அனுபவமும் உண்டு. ஆலோசகர் வேறு கட்டடத்தில் இல்லை, மருத்துவர் அழைத்தால் நடந்து வரும் தூரத்தில் இருக்கிறார் என்பதுதான் அதன் பலம். நம்மிடம் சகி என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. ஆனால் அவை பெண்களுக்கானவை. திருநங்கையை உள்ளே விடுவது அந்த மையத்தில் அன்று இருப்பவரின் மனதைப் பொறுத்தது என்று ஆகிவிடக் கூடாது. எழுத்தில் ஓர் அரசாணை வேண்டும். 2018-ல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு வகுத்த இழப்பீட்டுத் திட்டத்திலும் இதே சிக்கல்: வல்லுறவுக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய் வரை தரும் அது பெண்களுக்கு மட்டும். திருநர்கள் மாநிலத்தின் பொதுவான இழப்பீட்டுத் திட்டத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. சட்ட உதவிக்கு 15100-ல் அழைக்கலாம். மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

அந்த மையங்களிலும் மருத்துவமனைகளிலும் திருநங்கைகளையும் திருநம்பிகளையும் துணையாளர்களாகச் சம்பளம் கொடுத்து வேலைக்கு எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதற்கு முன்னுதாரணம் ஏற்கெனவே இருக்கிறது. ஹெச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில் திருநங்கைகள் பல ஆண்டுகளாக அவுட்ரீச் பணியாளர்களாக வேலை செய்கிறார்கள். ஹெச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு யாரை எப்படிக் கூட்டி வருவது, பரிசோதனை முடிவு வரும்வரை எப்படித் தேற்றுவது, மாத்திரையை விடாமல் போட எப்படி ஞாபகப்படுத்துவது எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அந்தத் திறமையை மதிப்பூதியம் என்ற பெயரில் சொற்பத் தொகைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

சிகிச்சை அந்த ஓர் இரவோடு முடிந்துவிடுவதில்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கு ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் திரும்ப வர வேண்டும். ஹெச்.ஐ.வி. பரிசோதனை மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும் செய்ய வேண்டும். தூக்கமின்மை, திடீர் நடுக்கம், தற்கொலை எண்ணம் போன்றவை சில வாரம் கழித்தும் தலைகாட்டலாம். இவ்வளவு நாள் ஒருவர் தொடர்ந்து வர வேண்டும் என்றால் அவருக்குத் தங்க இடம் வேண்டும். வன்முறை செய்தவன் அதே தெருவில் இருந்தாலோ, வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டாலோ, எந்த மாத்திரையும் 28 நாள் ஓடாது. திருநர்கள் தங்குவதற்கான மத்திய அரசின் கரிமா கிரே விடுதிகள் நாடு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் தொடங்கின. தமிழ்நாடு அரசு 2025-ல் திருநர் கொள்கையை வெளியிட்டது, சென்னையிலும் மதுரையிலும் திருநர்கள் தங்க 'அரண்' இல்லங்களைத் திறந்தது. தூத்துக்குடியிலோ கிருஷ்ணகிரியிலோ இரவில் அடிபட்டுக் கிடப்பவருக்கு அந்த இரண்டு ஊரும் தொலைவு. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே இரண்டு படுக்கை உள்ள தனி அறை ஒன்றை ஒதுக்கி, சமூக நலத்துறை வேறு இடம் பார்க்கும்வரை அவர் அங்கேயே இருக்கலாம் என்று மருத்துவமனை நிர்வாகம் சொல்ல வேண்டும். புறப்படும்போது அவர் கையில் ஏ.ஆர். காப்பியும், மருத்துவ அறிக்கையின் இலவசப் பிரதியும், அடுத்து வர வேண்டிய தேதியும், அவரை அவருடைய பெயரால் கூப்பிடும் ஒருவரின் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும்.